கடைமடைக் காற்று: கோலார் தங்கவயலின் வெக்கையும் சிக்கனத்தின் கணக்கும்

கோலார் தங்கவயலைப் பற்றிய பேச்சு எப்போதும் தங்கத்தின் எடையில்தான் தொடங்கும். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்கே கால்வைத்தது முதல் 2001 பிப்ரவரி 28-இல், பின்னாளில் அதை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை எண்ணூறு டன் தங்கம் எடுத்தார்கள் என்பது வழக்கமான கணக்கு. அந்தத் தங்கத்தை எடுக்க பூமிக்குள் இறக்கிய காற்றுக்கு யாரும் கணக்கு சொல்வதில்லை. ஆழச் சுரங்கங்களில் பொதுவாக, வெளியே வரும் தாதுவைவிடப் பல மடங்கு எடையுள்ள காற்று உள்ளே போய்த் திரும்ப வேண்டும். அது நின்றால் வேலையும் நிற்கும்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று. ஒரே இறக்கத்தில் அடிவரை போக முடியாது; கேஜ் எனும் கூண்டு மாறி மாறித்தான் இறங்க வேண்டும். ஆளுக்கே அவ்வளவு சுற்று என்றால் காற்றுக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம். அடைபட்ட ஓரிடத்துக்கு வேண்டிய குளிரையோ சூட்டையோ, கையிலிருக்கும் காசுக்குள், காற்றின் வழியாக எப்படிக் கொண்டுசேர்ப்பது? சுரங்கம், கப்பல், படகு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பொதுவான கேள்வி இது. ஆழச் சுரங்கத் தொழில் இதற்கு நான்கு விடைகளைக் கண்டது. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோடுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

வெக்கை எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் பாறை. கீழே போகப் போகப் பூமி சுடும். பல நிலப்பகுதிகளில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை கூடும். கோலாரில் அதில் பாதிகூட இல்லை, ஏனென்றால் அது தார்வார் பகுதியின் மிகப் பழைய, அசைவு ஓய்ந்த பாறைத்தளத்தில் இருக்கிறது. அந்தச் சலுகை மட்டும் இல்லையென்றால் அந்த ஆழத்துக்கு ஆளை அனுப்பியிருக்கவே முடியாது. அப்படியும் அடிமட்டத்துப் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. கையை வைத்தால் எடுக்கத் தோன்றும் சூடு அது.

இரண்டாவது காரணம் பலருக்கும் வியப்பாக இருக்கும். காற்று கீழே இறங்குவதாலேயே சூடாகிறது. மேலிருக்கும் காற்றின் எடை அழுத்த அழுத்த, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உலர்ந்த காற்று சுமார் 10 டிகிரி சூடேறும். சுவரில் ஈரம் இருந்து ஆவியானால் வெப்பமானி காட்டும் ஏற்றம் குறையும். ஆனால் அந்த வெப்பம் எங்கும் போய்விடாது, ஈரமாக மாறிக் காற்றிலேயே தங்கும். தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருப்பதால் மார்கழிக் குளிர் அங்கே நன்றாகவே தெரியும். அந்தக் குளிர்காற்றை ஷாஃப்ட் எனும் செங்குத்துக் குழி வழியே இறக்கினாலும், மூன்று கிலோமீட்டர் கடந்தபின் அது குளிர்காற்றாக இருப்பதில்லை.

மூன்றாவது, இயந்திரம். மோட்டார், பம்பு, விசிறி என எது ஓடினாலும் அது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி கடைசியில் வெப்பமாகிறது. விதிவிலக்கு அழுத்தக் காற்றில் ஓடும் துளைக்கருவி. அடைபட்ட காற்று விரிந்து வெளியேறும்போது குளிரும் என்பதால், அதைப் பிடித்திருப்பவன் முகத்தில் கொஞ்சம் குளிர்ச்சி அடிக்கும். ஆனால் அந்தக் காற்றை மேலே அழுத்தச் செலவாகும் சக்தியில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். குளிர்ச்சிக்காக யாரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

நான்காவது காரணம் தண்ணீர். இங்கேதான் சிக்கல் முறுகுகிறது. பாறையை உலர்வாகத் துளையிட்டால் சிலிக்காத் தூசி எழும். அது நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் ஆகும். 1940-களில் கோலார் தொழிலாளர்களிடம் நடந்த மருத்துவ ஆய்வுகள், இந்தியாவில் அந்த நோயைப் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளில் முக்கியமானவை. தூசியை அடக்கும் எளிய வழி தண்ணீர் பாய்ச்சித் துளையிடுவது. ஆனால் சூடான பாறையில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் புழுக்கத்தைக் கூட்டும். நுரையீரலைக் காக்கப் போனால் வியர்வை காயாது. வியர்வையைக் காயவிட்டால் நுரையீரல் போகும். இரண்டையும் ஒருசேரத் தீர்ப்பது, தூசியையும் ஈரத்தையும் சேர்த்து அடித்துச் செல்லும் காற்றோட்டம் ஒன்றுதான்.

அளப்பது எதை?

சுரங்கத்தில் சாதாரண வெப்பமானியை நம்பி முடிவெடுப்பதில்லை. கைப்பிடியில் சுழலும் சிறு சட்டத்தில் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். ஒன்றின் குமிழில் மெல்லிய துணி சுற்றி நனைத்திருப்பார்கள். சட்டத்தை வேகமாகச் சுழற்றி நிறுத்தியதும் நனைந்த குமிழின் அளவை முதலில் படிக்க வேண்டும், தாமதித்தால் ஏறிவிடும். உலர்ந்தது 38 காட்டி நனைந்தது 27 காட்டினால் வேலை செய்யலாம். இரண்டும் 35-ஐ ஒட்டி நின்றால் அங்கே ஆளை நிறுத்தக் கூடாது.

காரணம் உடம்பில் இருக்கிறது. கடுமையாக உழைக்கும் ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை வரலாம். அந்த ஒரு லிட்டர் முழுவதும் ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 670 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டினால் ஒரு வாட்கூட எடுக்காது. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். ஆகவே நனைந்த குமிழ் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையே உண்மையான அளவுகோல். இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகளும் இதையே கொண்டன. வேலையிடத்தில் அது 33.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30.5-ஐத் தாண்டினால் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்குக் குறையாமல் காற்று ஓட வேண்டும். இரண்டு எண்களுக்கு நடுவே விதி கேட்பது குளிரூட்டும் இயந்திரத்தை அல்ல, காற்றின் வேகத்தை.

முதல் விடை: இன்னும் காற்று

சூடான சுரங்கம் தன் காற்றைத் தானே ஓரளவு ஓட்டிக்கொள்ளும். உள்ளே சூடான காற்று இலேசாகி ஒரு ஷாஃப்டில் ஏறும். அந்த இடத்தை நிரப்ப மற்றொன்றில் வெளிக்காற்று இறங்கும். பைசா செலவில்லாத ஓட்டம் இது. ஆழமும் சூடும் கூடினால் இதன் பலமும் கூடும். ஆனால் பருவத்துக்குப் பருவம் மாறும், வேண்டிய மூலைக்குப் போகாது.

அதனால் விசிறி வந்தது. விசிறிக்கு மின்சாரம் வேண்டும். தங்கவயலுக்கு அது நாட்டின் பல ஊர்களுக்கு முன்பே வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பியிழுத்து 1902-இல் மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரின் தெருக்களுக்கே அதன்பிறகுதான் விளக்கு வந்தது. தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருட்டில் கிடந்த காலத்தில் சுரங்கத்துக்குள் மின்சாரம் ஓடியது என்பதும் அதே வரலாற்றின் பக்கம்தான்.

விசிறியின் கணக்கு ஈவு இரக்கமற்றது. அதே பாதையில் இரண்டு மடங்கு காற்றை ஓட்ட எட்டு மடங்கு சக்தி வேண்டும். கால்பங்கு கூட்டினாலே மின்சாரச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பாதையை அகலமாக்கினால் கணக்கு நேர் எதிராகத் திரும்பும். அதே அளவு காற்றுக்குக் குழாயின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் தேவையான அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்; பாதியாக்கினால் முப்பது மடங்குக்கு மேல் ஏறும். விசிறி வாங்கும் காசு கண்ணுக்குத் தெரியும். குறுகிய குழாய் ஆண்டுக்கணக்கில் தின்னும் காசு மின்கட்டணத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

இரண்டாம் விடை: குளிர்ந்த காற்று

ஓர் ஆழத்துக்குக் கீழே எவ்வளவு காற்றடித்தாலும் போதாது, அனுப்பும் காற்றே சூடாகித்தான் வந்துசேரும். அமெரிக்காவில் நெவாடாவின் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கங்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐஸ் பாளங்களை உள்ளே அனுப்பினார்கள். பிரேசிலின் மோரோ வேல்யோ தங்கச் சுரங்கத்தில் 1920-களில் தரைமேல் குளிரூட்டும் ஆலை வேலை செய்தது. 1930-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களோடு கோலாரும் அந்த வரிசையில் சேர்ந்தது. நம் நாட்டில் சினிமாக் கொட்டகையில் ஏ.சி. இருப்பதே விளம்பரத்துக்குரிய செய்தியாக இருந்த காலம் அது.

ஆலையை மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்பது இதில் தீராத விவாதம். மேலே வைத்தால் பராமரிப்பு எளிது, கழிவு வெப்பத்தை வானத்தில் விட்டுவிடலாம். ஆனால் மேலே குளிர்ந்த காற்று இறங்கும்போது அழுத்தத்தாலும் பாறையாலும் மறுபடி சூடாகும். குளிர்ச்சி தேவைப்படாத வழியெல்லாம் அதில் பங்கு கேட்கும். கீழே வைத்தால் குளிர்ச்சி வேலையிடத்துக்குப் பக்கத்தில் பிறக்கும். ஆனால் இயந்திரம் கக்கும் வெப்பத்தை ஏற்றுக்கொள்ள, வெளியேறும் காற்று அங்கே போதிய அளவில் ஓட வேண்டும். அதற்கு ஓர் எல்லை உண்டு. இன்று சுமார் நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் சுரங்கம் மேலேயே ஐஸ் குழம்பு செய்து குழாயில் இறக்குகிறது. பனிக்கட்டி உருகும்போது எடுக்கும் வெப்பம் அதிகம் என்பதால் கொஞ்சம் தண்ணீரில் நிறையக் குளிர்ச்சியை இறக்க முடிகிறது. எப்படிப் பார்த்தாலும் நான்கு விடைகளில் இதுவே விலை கூடியது.

மூன்றாம் விடை: உடம்பைப் பழக்குவது

செலவைச் சுருக்க நினைத்த நிர்வாகங்கள் இன்னொரு பக்கமும் திரும்பின. வேலையிடத்தை மாற்றுவதற்குப் பதில் ஆளை மாற்றுவது. வெக்கையில் படிப்படியாக வேலை கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகும்: வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்புக் குறையும், இதயத்துடிப்பு தணியும். இது மருத்துவ உண்மை. தென்னாப்பிரிக்காவில் வெப்பத்தாக்கில் ஆட்கள் இறந்தபின் இதையே ஒரு முறையாக்கினார்கள். கறுப்பினத் தொழிலாளர்களைச் சூடான அறைகளில் சோதித்து, பழக்கி, பிறகு ஆழத்துக்கு அனுப்பினார்கள்.

பழக்கம் உயிரைக் காக்கும். ஆனால் அது காற்றுக்குப் பதிலாக வைக்கப்படும்போது, கம்பெனி மிச்சம் பிடித்த தொகை தொழிலாளியின் உடம்பிலிருந்து வசூலாகிறது. தங்கவயலில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களிலும் பெரும்பகுதி தலித் மக்கள். சொந்த ஊரில் நிலமில்லாமல், சாதிக் கொடுமைக்குத் தப்பி வந்தவர்களுக்கு வெக்கையை மறுக்கும் பேரம் எளிதில் வாய்க்கவில்லை. வெயிலில் பழகியவன் வெக்கையைத் தாங்குவான் என்ற எண்ணம் முதலாளிக்கு வசதியானது. அதில் உண்மை பாதிதான்: ஈரக்குமிழ் 35-ஐத் தொட்டால் எந்த ஊர்க்காரன் உடம்பும் தோற்கும்.

நான்காம் விடை: வழியை ஒழுங்குசெய்வது

இனி, என் பார்வையில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட விடைக்கு வருவோம். ஆற்றில் தண்ணீர் ஓடியும் கடைமடை வயல் காய்வதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அணையில் குறையில்லை, தூர்ந்த வாய்க்காலும் உடைந்த மதகும் வழியில் தண்ணீரைக் குடித்துவிடுகின்றன. சுரங்கத்தின் கடைமடை, பாறையை வெட்டிக்கொண்டே போகும் முகப்பு. அது ஒருபக்கம் மூடிய சந்து. பெரிய விசிறியின் ஓட்டம் அதற்குள் தானாக நுழையாது. பிரதானப் பாதையில் ஒரு சிறு விசிறி வைத்து, தகரக் குழாயிலோ ரப்பர் பூசிய துணிக்குழாயிலோ காற்றை முகப்புவரை தள்ள வேண்டும்.

அந்தக் குழாயின் கடைசிப் பகுதியில் நடப்பதைப் பார்த்தால் சிக்கல் புரியும். குழாய்முனை முகப்பிலிருந்து சில மீட்டருக்குள் இருந்தால்தான் காற்று ஆள் மேல் படும். தள்ளிப்போனால் வந்த வழியே திரும்பிவிடும். ஆனால் வெடிவைக்கும்போது தெறிக்கும் கல் முனையைக் கிழிக்கும் என்பதால் வெடிக்குமுன் குழாயைப் பின்னால் இழுக்க வேண்டும். அடுத்த ஷிஃப்டில் அதை மறுபடி முன்னால் கொண்டுபோய்க் கட்டுவது யாருடைய வேலை? துளையிட்ட அடிக்குத்தான் கூலிக் கணக்கு என்றால், குழாய் கட்டும் அரைமணிக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. முகப்பு முன்னேறும், குழாய் அங்கேயே நிற்கும். நடுவில் இணைப்புகள் இளகி, சாக்கடைப் பக்கம் தாழ்ந்து தொங்கி, ஒவ்வொரு கிழிசலிலும் காற்று சீறிப்போகும். விசிறி முழுவேகத்தில் ஓடும். முனையில் துணி நாடாகூட ஆடாது.

விசிறியிலிருந்து புறப்பட்ட காற்றில் பாதி வழியில் ஒழுகுகிறது என்று வையுங்கள். பெரிய விசிறி வைத்து முனையில் பழைய அளவைக் கொண்டுவர வேண்டுமென்றால் மின்சாரம் பல மடங்காகும். ஒட்டுத்துணியும் பட்டையும் கொண்டு ஒழுக்கை அடைக்க ஆகும் செலவு அதன் பக்கத்தில்கூட வராது. இதே வகையில் சேரும் மலிவான வேலைகள் இன்னும் உண்டு. தாது எடுத்து முடிந்த வெற்றிடங்களைச் சுவர்வைத்து அடைத்தால் காற்று குறுக்கே தப்பாது. சூடான தண்ணீர் ஓடும் வாய்க்காலை மூடினால், அல்லது குழாயில் விட்டால், ஈரம் காற்றில் ஏறாது. குளிர்ந்த காற்று போகும் குழாய்க்கு உறை போட்டால் சூடான சுரங்கவழி அதன் குளிர்ச்சியைப் பிடுங்காது. கூர்மையான வளைவை அகன்ற வளைவாக்கினால் விசிறியின் பாரம் குறையும்.

இவை எதற்கும் திறப்புவிழா கிடையாது, ஆண்டறிக்கையில் படம் வராது. தள்ளிப்போடப்படுவதற்கு அதுவே காரணம்.

அதே கணக்கு, படகில்

இந்த முறையைச் சுரங்கத்துக்கு வெளியே சோதிக்க நல்ல இடம், நேர் எதிரான சிக்கல் உள்ள குளிர்நாட்டுப் படகு. இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளிலும் சிறு பாய்மரப் படகுகளிலும் டீசலில் எரியும் வெப்பக்காற்றுக் கருவி வைத்திருப்பார்கள். வெபாஸ்டோ, எபர்ஸ்பெக்கர் போன்ற ஜெர்மன் கம்பெனிப் பெயர்கள் அங்கே பிரபலம். 2 கிலோவாட் கருவி ஓடியும் முன்னறை குளிர்கிறது என்றால், முதலில் தோன்றுவது 4 கிலோவாட் வாங்கும் எண்ணம்.

தங்கவயலின் பாடம் வேறு வரிசையைச் சொல்லும். முதலில் ஒவ்வொரு துவாரத்திலும் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். கருவியின் வாயில் சுடும் காற்று கடைசித் துவாரத்தில் வெதுவெதுப்பாக இருந்தால், சூடு போனது குழாய் ஓடும் அலமாரிக்கும் படகின் அடித்தட்டுக்கும். உறை போட்டால் திரும்பக் கிடைக்கும். காற்றே பலவீனமாக வந்தால் நசுங்கிய வளைவையும் குறுகிய குழாயையும் தேட வேண்டும். 75 மில்லிமீட்டர் குழாய் வேண்டிய இடத்தில் 60 போட்டால், அதே காற்றுக்கு மூன்று மடங்கு அழுத்தம் கேட்கும்.

அடுத்தது திரும்பும் வழி. சுரங்கத்தில் உள்ளே போன காற்று வெளியேற ஷாஃப்ட் வேண்டும்; படகில் அறைக்கதவின் அடியில் இடைவெளி வேண்டும். அதை அடைத்துவிட்டு அறை சூடேறவில்லை என்பவர்கள் அங்கே உண்டு. கருவி சூடாக்கும் காற்றை வெளியிலிருந்து இழுப்பதா, அறையிலிருந்தே இழுப்பதா என்பதும் பெரிய கணக்கு. 5 டிகிரியில் இருக்கும் வெளிக்காற்றை மணிக்கு 100 கன மீட்டர் இழுத்து 20 டிகிரிக்குக் கொண்டுவரவே அரை கிலோவாட் போய்விடும். பெரும்பகுதியை அறையிலிருந்து எடுத்தால் அது மிச்சம். முழுதும் அப்படி எடுத்தால் மூச்சின் ஈரம் தேங்கிச் சுவரில் நீர் வழியும் என்பதால், கொஞ்சம் வெளிக்காற்று கட்டாயம்.

சிக்கனம் தொடக்கூடாத எல்லையும் ஒன்று உண்டு. டீசல் எரிவதற்கான காற்றும் புகையும் தனி வழியில், ஒழுகாமல், படகுக்கு வெளியே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை விட்டுவிட்டு மிச்சம்பிடிப்பது மூன்றாம் விடையின் இன்னொரு வடிவம், செலவு உடம்பின் மேல் விழும்.

எந்த வரிசை?

நான்கு விடைகளும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் குழாய்க் கிழிசலை ஒட்டியே பிழைத்துவிடலாம் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே குளிரூட்டும் ஆலை இல்லாமல் வேலையில்லை. கேள்வி வரிசையைப் பற்றியது. முதலில் கடைசிமுனையில் அளவு, பிறகு ஒழுக்கு, உறை, வளைவு, விட்டம், பிறகு திரும்பும் வழி, அதன்பின் விசிறி, கடைசியில் குளிரூட்டும் இயந்திரம். உடம்பைப் பழக்குவது இவற்றுக்குத் துணையாக நிற்கலாம், எதற்கும் மாற்றாக முடியாது. பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: இயந்திரத்தில் தொடங்கி, காசு தீர்ந்தபின் குழாயை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது.

சாம்பியன் ரீஃபின் ஆழம் தங்கத்துக்கு மட்டும் பயன்படவில்லை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோ எனும் நுண்துகளின் தடத்தை அங்கே 2,300 மீட்டர் ஆழத்தில் பதிவுசெய்தார்கள். மேலிருந்த பாறைதான் மற்ற கதிர்களைத் தடுத்து அந்த ஆய்வைச் சாத்தியமாக்கியது. அந்த ஆழத்தில் மனிதர் தங்கியிருந்து வேலைபார்க்க, சுரங்கத் தொழிலாளிக்காக ஓடிய காற்றே அவர்களுக்கும் வேண்டியிருந்தது. அறிவியல் வரலாற்றில் நியூட்ரினோவுக்கு ஒரு பக்கம் உண்டு. காற்றுக்குழாய் கட்டியவருக்கு ஒரு வரிகூட இல்லை.

2001-க்குப் பின் பம்புகள் நின்று ஆழ்மட்டங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. தாதுக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டம் பேசப்படுகிறது. அது தரைமேல் வேலை, வெக்கை அங்கே வேறு கணக்கு. ஆனால் ஆழத்தை மறுபடி திறப்பது பற்றிய பேச்சும் ஊரில் அவ்வப்போது எழும். எழுந்தால், திட்ட அறிக்கையில் குளிரூட்டும் ஆலையின் விலையைத் தேடுவதற்கு முன் இரண்டைத் தேட வேண்டும். முகப்பில் ஈரக்குமிழ் அளவை ஒவ்வொரு ஷிஃப்டிலும் படித்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்கும் ஏற்பாடு உண்டா? குழாயை முன்னால் நகர்த்திக் கட்டும் வேலைக்குக் கூலியும் பெயரும் உண்டா? இவ்விரண்டும் ஆலையின் விலையில் மிகச் சிறு பங்கு. அவை இல்லாத திட்டம் எவ்வளவு சிக்கனமாகத் தோன்றினாலும், அதன் மீதிச் செலவு இறங்குகிறவர் தலையில்தான் எழுதப்பட்டிருக்கும்.